மேஜைக்கு முகச்சவரம்!

ஒரு உப்புத்தாள் என்ன விலை?

ஹார்டுவேர் கடையில் கேட்டால் பத்தோ பதினைந்தோ என்பார்கள். என்னைக் கேட்டால் இருபத்தாறாயிரம் ரூபாய் என்பேன். அசல் தொகை அது. வட்டி தனி. வட்டியை அப்பா தினமும் இரண்டு வேளை வசூலித்துக் கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். திருச்சி உறையூரில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுவதென்று பங்காளிகள் கூடி முடிவு செய்தார்கள். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அப்பா என்னோடு சென்னைக்கு வருவதாக ஏற்பாடு. அவர் வரலாம், அவருடைய டிரங்குப் பெட்டி வரலாம், அம்மா படம் வரலாம். தாத்தாவின் எழுது மேஜை மட்டும் வர முடியாது. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டில் நானே கொஞ்சம் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

அந்த மேஜைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1947-ல் வெள்ளைக்காரக் கலெக்டர் கப்பலேறும்போது, கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவான தாத்தாவைக் கூப்பிட்டு, கையைக் குலுக்கி, "இது உமக்கு" என்று கொடுத்துவிட்டுப் போன மேஜை அது. எங்கள் குடும்பத்தில் ராமாயணத்துக்கு அடுத்தபடி அதிகம் சொல்லப்பட்ட கதை.

இன்னொரு பக்கம், அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. "சாப்பாடு ரெடி" என்றால் "எந்த ரெட்டி?" என்பார். காது மெஷின் வாங்கலாம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். டாக்டர் சொன்ன கணக்குப்படி ஒரு காதுக்கு முப்பதாயிரம், இரண்டுக்கும் அறுபதாயிரம். "உன் சம்பளத்துல எனக்குக் காது வேண்டாம்" என்பது அவர் கட்சி. ரிட்டயர்டு அப்பாக்களின் ரோஷம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததா?

அதனால்தான் நான் சொன்னேன்: "உங்கப்பா மேஜையை வித்து, உங்க காதை வாங்கிக்குங்க. என் காசு ஒரு பைசா வேண்டாம்." அப்பா யோசித்தார். தலையாட்டினார்.

விற்கிற பொருள் பளபளவென்று இருக்க வேண்டாமா? சனிக்கிழமை காலையில் எண்பதாம் நம்பர் உப்புத்தாள் நாலு, ஒரு டப்பா வார்னிஷ், ஒரு பிரஷ் வாங்கி வந்தேன். மேல்பலகையில் பாதியைப் பரபரவென்று தேய்த்தேன். தாத்தா காலத்து மைக்கறை ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதை முழுசாக எடுத்துவிட்டேன். கீழே இருந்து இளமஞ்சளாக, பிறந்த குழந்தை மாதிரி மரம் எட்டிப் பார்த்தது. திண்ணையிலிருந்து அப்பா ஏதோ சத்தம் போட்டார். தேய்க்கிற சத்தத்தில் காதில் விழவில்லை. காபி கேட்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஆசாரி வந்தார். எழுபது வயது. அப்பாவுக்குப் பழக்கம். விலை மதிப்புச் சொல்ல வரச்சொல்லியிருந்தோம். வாசற்படியில் நின்று மேஜையைப் பார்த்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன தம்பி, மேஜைக்கு முகச்சவரம் பண்ணிட்டீங்க?"

தலைகீழாகக் கவிழுங்கள்!

நான் மேல்பலகையைக் காட்டப் போனேன். ஆசாரி கையமர்த்தினார். "மேலே பார்க்கிறது வாங்கறவன் வேலை. மதிப்புப் போடறவன் கீழேதான் பார்ப்பான். டிராயரை உருவிட்டுக் கவிழ்த்துப் போடுங்க."

இரண்டு பேர் பிடித்துக் கவிழ்த்தோம். முதுகுவலியோடு எனக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. நீங்களும் உங்கள் வீட்டுப் பரணையோ, மாமியார் வீட்டுக் கூடத்தையோ மனதில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

ஆசாரி என் செல்போனை வாங்கி, டார்ச்சைப் பலகையோடு பலகையாகப் படுக்கவைத்து வெளிச்சம் அடித்தார். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்து அடித்தால் மேடு பள்ளம், அறுத்த தடம் எல்லாம் நிழல் கட்டித் தெரியும். அடிப்பலகையில் நேர்க்கோடாக, கொஞ்சம் ஏறுமாறாக வாள் தடம்.

"பாருங்க, கையால அறுத்தது. வட்ட ரம்பத்துல அறுத்திருந்தா தடம் வில் மாதிரி வளைஞ்சிருக்கும். மேல்பக்கத்தை எல்லாரும் இழைச்சிடுவாங்க. அடியை எவன் இழைப்பான்? அதனாலதான் அடி பொய் சொல்லாது."

அடுத்து டிராயர். உருவி வைத்த டிராயரின் மூலையைக் காட்டினார். புறா வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தன. ஆணி இல்லை. ஒரு பல் குட்டை, ஒரு பல் நெட்டை. ஓரத்தில் ஊசியால் கீறின மாதிரி மெல்லிய கோடு. ஆசாரி அளவு குறித்த கோடு அது. பற்கள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை. ஏறுமாறாக இருந்தால் கை வேலை. நம் ஊரில் நன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் போலிருக்கிறது.

டிராயரின் பின்பலகையில் உளியால் செதுக்கின சின்ன அடையாளம் இருந்தது. ஒன்றில் ௧, அடுத்ததில் ௨, அதற்கடுத்து ௩. தமிழ் எண்கள்!

"எந்த டிராயர் எந்த ஓட்டைக்குன்னு தச்சன் போட்டுக்கிட்ட நம்பர். இங்லீஷ் துரை வீட்டு மேஜைன்னாலும் செஞ்சது நம்ம ஊர் ஆசாரிதான். துரைங்க படம் காட்டுவாங்க, நாங்க செஞ்சு கொடுப்போம்."

நாலாவது டிராயரை எடுத்தார். நம்பர் இல்லை. பல் இல்லை. அடிப்பலகை பிளைவுட். ஸ்க்ரூ தலையில் நட்சத்திரக் குறி.

"இந்தக் கூட்டல் குறி ஸ்க்ரூ 1930-களுக்கு முன்னால உலகத்துலயே புழக்கத்துல இல்லை. நம்ம பக்கம் இன்னும் ரொம்பத் தாமதம். இந்த டிராயர் மட்டும் புதுசு. யார் உடைச்சது?"

அப்பா என்னைப் பார்த்தார். 1995-ல் அதற்குள் உட்கார்ந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஓட்டிய டிரைவர் நான்தான்.

கைப்பிடிகளையும் ஆசாரி விடவில்லை. பித்தளை குமிழ்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் டிராயரின் உள்பக்கத்தில், குமிழுக்கு இரண்டு பக்கமும் மெழுகு வைத்து அடைத்த துளை இரண்டு. ஒரு காலத்தில் வளைவுக் கைப்பிடி இருந்து, போய், குமிழ் வந்திருக்கிறது. கைப்பிடி, கீல், பூட்டு இவையெல்லாம் அசலாக இருந்தால் ஒரு விலை, மாற்றியிருந்தால் ஒரு விலை. அடைத்த துளை இருக்கிறதா என்று உள்பக்கம் பார்க்காமல் எதையும் அசல் என்று நம்பாதீர்கள்.

தூள் கொட்டுகிறதா?

"இப்ப வைத்தியம் பார்ப்போம்" என்று ஆசாரி குந்தி உட்கார்ந்தார். பின்கால் ஒன்றின் அடியில் குண்டூசித் தலை அளவில் ஏழெட்டு ஓட்டைகள். எனக்குப் பகீர் என்றது.

மரத்தைத் துளைக்கும் வண்டுகள் வெளியே பறந்து போகும்போது போடுகிற ஓட்டை அது. ஓட்டை இருக்கிறதென்றால் வண்டு இருக்கிறதென்று அர்த்தமில்லை. குடித்தனம் காலி செய்து ஐம்பது வருஷம்கூட ஆகியிருக்கலாம். கண்டுபிடிக்க வழி சுலபம். காலடியில் ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்து, மரத்தைத் தட்டிவிட்டு, பத்து நாள் விட்டுவிட வேண்டும். காகிதத்தில் கோதுமை மாவு மாதிரி வெளுப்பாகப் புதுத் தூள் விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. ஓட்டையின் விளிம்பு பழுத்துக் கறுத்திருந்து, தூளும் விழவில்லையென்றால் பழைய கதை.

"தேக்கைப் பூச்சி தின்னாதுன்னு சொல்வாங்களே?" என்றேன்.

"வைரம் பாய்ஞ்ச நடு மரத்தைத் தின்னாது. அதுல எண்ணெய் இருக்கு. ஓரத்துல இருக்கே வெள்ளை மரம், அதைத் தின்னும். காசு மிச்சம் பிடிக்க அந்த ஓரத்தையும் சேர்த்துப் போட்டிருக்கான் தச்சன். அதை மட்டும்தான் தின்னிருக்கு."

செல் அரிப்பு வேறு. கறையான் வெளியே ஓட்டையே காட்டாது. மேல்தோலை அப்படியே விட்டுவிட்டு உள்ளே காலி பண்ணிவிடும். அதற்கு விரல் முட்டிதான் டாக்டர். தட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சத்தம் கெட்டியாக வராமல் அப்பளப் பெட்டி மாதிரி வரும். அங்கே கத்தி முனையால் லேசாக அழுத்தினால் உள்ளே போய்விடும்.

சில கில்லாடிகள் புது மரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, சாயம் ஏற்றி, "நூறு வருஷத்துச் சாமான் சார்" என்று தலையில் கட்டுவதும் உண்டு. ஓட்டையில் ஒரு குண்டூசியை விட்டுப் பாருங்கள். வண்டு வளைந்து வளைந்து போகிற பிராணி. குண்டூசி நேராகச் சர்ரென்று உள்ளே போனால், துளைத்த பிராணிக்கு இரண்டு கால்.

அப்புறம் ஆட்டிப் பார்த்தல். மேஜையை நிமிர்த்தி, ஒரு மூலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னார். மற்ற கால்களும் சேர்ந்து எழுந்தால் மூட்டு கெட்டி. தூக்கின கால் மட்டும் தனியாக வந்தால் மூட்டு விட்டுவிட்டது. எங்கள் மேஜை அப்படியே எழுந்தது. ஆசாரி முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு. "பர்மாத் தேக்கு. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தானே, அதுக்கு முன்னால கப்பல்ல வந்த மரம். வேலையைப் பார்த்தா 1930-களைச் சேர்ந்ததா இருக்கும்."

மேல்பலகையில் ஓரிடத்தில் விரிசல் இருந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டேன். அவர் படவில்லை. மரம் வருஷத்துக்கு வருஷம் ஈரத்தை விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பழைய வட்ட மேஜையை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தால் கொஞ்சம் முட்டை வடிவமாகத்தான் இருக்கும். கச்சிதமான வட்டமாக இருந்தால் வயதில் சந்தேகம். வழுக்கை, தொப்பை மாதிரி இதெல்லாம் வயதுச் சான்றிதழ்.

போனது தோல் மட்டுமல்ல

கடைசியாக நான் தேய்த்த இடத்துக்கு வந்தார். கையால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எங்கள் டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது செய்கிற அதே காரியம்.

"தம்பி, எண்பது, தொண்ணூறு வருஷம் வெயிலும், கையும், காத்தும் பட்டுப் பட்டு மரத்துக்கு ஒரு நிறம் வரும். தேன் மாதிரி. அது மேல்தோல்லதான் இருக்கும். எந்தக் கம்பெனி டப்பாவுலயும் அதை விக்கல. பழைய சாமான் வாங்கறவன் காசு கொடுக்கிறதே அந்தத் தோலுக்குத்தான். எண்பதாம் நம்பரைப் போட்டு, அதுவும் ரேகைக்குக் குறுக்கால தேய்ச்சு, பாதியைப் புது மரம் ஆக்கிட்டீங்க."

"மைக்கறை அசிங்கமா இருந்தது..."

"எழுது மேஜையில மைக்கறை இல்லாம சாம்பார்க் கறையா இருக்கும்? அதுதாங்க அது எழுது மேஜைங்கிறதுக்குச் சாட்சி."

அப்பா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா வருஷக் கடைசியில கணக்கு முடிக்கிறப்ப கொட்டின மை. அன்னிக்கு ராத்திரி பூரா திட்டிக்கிட்டே இருந்தார், தன்னைத்தானே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வார்னிஷ் டப்பாவைத் திறக்கவில்லை என்பது ஒன்றுதான் நான் செய்த புண்ணியம். பழைய பாலிஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஏற்றியது. சந்தேகமிருந்தால் மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பார்க்கலாம். அரக்கு என்றால் இளகிப் பிசுபிசுக்கும். அதன் மேல் வார்னிஷை அடித்தால் கண்ணாடிப் பேப்பர் ஒட்டின மாதிரி ஆகிவிடும். விற்பதற்கு முன் செய்ய வேண்டியதெல்லாம் மெல்லிய துணியால் தூசி தட்டுவது, அதற்கு மேல் கை அரித்தால் கையைச் சொரிந்துகொள்வது. தேய்ப்பதோ, பூசுவதோ, வாங்குகிறவன் பாடு.

கலெக்டர் கொடுத்தாரா?

மானம் போன பிறகு மிச்சமிருந்தது சரித்திரம்தான். "இது கலெக்டர் துரை தாத்தாவுக்குக் கொடுத்த மேஜை. அதுக்கு ஏதாவது சேர்த்துப் போடுங்க" என்றேன்.

ஆசாரி பின்பக்கச் சட்டத்தில் டார்ச்சைச் சாய்த்தார். அழுக்குக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டில் மங்கலாக ஒரு எண், ஒரு சாய்வுக்கோடு, இன்னொரு எண். அரசாங்க ஆபீஸ் நாற்காலி, மேஜைகளில் போடுவார்களே, அதே இருப்பு நம்பர்.

"கலெக்டர் வீட்டு மேஜை இல்லீங்க. ஆபீஸ் மேஜை. கண்டம் பண்ணி ஏலம் விட்டிருப்பாங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் நொறுங்கிவிடுவார் என்று பயம். அவரோ விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "1961-ல ஏலம். பதினேழு ரூபா. மாட்டு வண்டியில வந்து இறங்கிச்சு. எனக்கு எட்டு வயசு. வண்டிக்காரனுக்கு ரெண்டு ரூபா அதிகம் கொடுத்துட்டார்னு எங்கம்மா சண்டை போட்டா."

"அப்போ கலெக்டர்?"

"அது உங்களுக்காக எங்கப்பா சொன்னதுடா. நீங்க கண்ணை விரிச்சுக் கேட்டீங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

ஆசாரிக்கு இதில் வருத்தமே இல்லை. "கதைக்கு எவனும் காசு கொடுக்க மாட்டான் சார். கலெக்டர் மேஜைன்னு ஊர்ல நூறு பேர் வச்சிருக்கான். இந்த நம்பருக்குக் கொடுப்பான். எந்த இடத்துல இருந்ததுன்னு சொல்ற அத்தாட்சி. நல்லவேளை, தம்பி இன்னும் பின்பக்கம் வரல." ரசீதோ, பழைய போட்டோவோ, இதுபோல நம்பரோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பொருளோடு சேர்த்துக் கொடுங்கள்.

தொடாமல் விட்டிருந்தால் அறுபதாயிரம் வரை கேட்கலாம், இப்போது முப்பத்தைந்து வந்தால் பெரிசு என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். மதிப்புப் போட்டதற்குக் காசு வாங்கவில்லை. "தம்பி ஏற்கெனவே நிறையக் கொடுத்திருக்கார்" என்றார்.

காரைக்குடிக்கு ஒரு நடை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய கதவு, தூண், அலமாரி, ஊஞ்சல், பீங்கான் ஜாடி என்று தெரு முழுக்கப் பழைய சாமான் கடைகள். விற்கப் போகிறவர்கள் முதலில் வாங்குகிறவர் மாதிரி நாலு கடை ஏறி இறங்குவது நல்லது. நம் பொருளைப் போன்றதற்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று தெரியும். சொல்லும் விலையில் கடைக்காரரின் வாடகை, வேலையாள் கூலி, வருஷக்கணக்கில் விற்காமல் கிடக்கும் முதல், லாபம் எல்லாம் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பேச வேண்டும்.

அங்கேதான் "மேரேஜ்" என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் தெரிந்தது. ஒரு அலமாரியின் மேல்பாதியை இன்னொரு அலமாரியின் கீழ்பாதியில் பொருத்தி ஒரே சாமானாக விற்பதற்கு வியாபாரத்தில் அதுதான் பெயர். பின்பலகை இரண்டும் ஒரே மரமா, ஒரே நிறமா, மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே கையால் செய்த வேலையா என்று பார்த்தால் ஜாதகப் பொருத்தம் தெரிந்துவிடும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு வருஷம் ஆன சரித்திர முக்கியத்துவம் உள்ள பொருள்களைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கிற அத்திம்பேர் "ஷிப்பிங்ல போட்டுடு" என்று சொன்னால் அவசரப்படாதீர்கள். இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் வம்பில்லை. எங்கள் மேஜை நூறைத் தொடவில்லை. கிழடு, ஆனால் ஆன்டிக் இல்லை. அப்பா இந்த வாக்கியத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் பேசவில்லை.

குறைகளே, நிறைகளே

ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்தார். ஆசாரி சொல்லிக்கொடுத்தபடி ஒரு தாளில் முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். மேல்பலகை பாதி தேய்த்தது, நாலாவது டிராயர் புதியது, கைப்பிடி மாற்றியது, பின்காலில் பழைய பூச்சி ஓட்டை, கறுப்புக் காகிதம் வைத்துப் பத்து நாளில் தூள் விழவில்லை. கீழே: மூட்டு கெட்டி, மூன்று டிராயர் அசல், நம்பர் அசல்.

வியாபாரி தாளைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேரம் பேசுவதற்கு அவர் கண்டுபிடித்து வைக்க வேண்டிய குறைகளை எல்லாம் நானே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு குறையாகக் காட்டி ஆயிரம் ஆயிரமாகக் குறைக்கிற சடங்குக்கு வழியில்லை. அரை மணியில் முடிந்தது. முப்பத்து நாலாயிரம். மறைத்திருந்தால் முப்பதுக்கு இறங்கியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மேஜை வேனில் ஏறும்போது அப்பா வெளியே வரவில்லை. ௩ என்று செதுக்கின டிராயரை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் சென்னையில் காது மெஷின் வாங்கினோம். வலது காதுக்கு மட்டும். இடது காது உப்புத்தாளோடு போயிற்று. இரண்டாவதை என் காசில் வாங்க அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.

மெஷினை மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள் சாயங்காலம், வாசலில் கீரைக்காரி குரல் கேட்டுச் சிரித்தார். குக்கர் விசில் கேட்டுத் திடுக்கிட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, நிதானமாகக் கேட்டார்:

"ஏண்டா, அன்னிக்கு நீ தேய்க்க ஆரம்பிச்சப்ப, 'வேண்டாண்டா, மேஜையைத் தொடாதே'ன்னு திண்ணையில இருந்து மூணு தடவை கத்தினேன். காது மெஷின் யாருக்குடா வாங்கியிருக்கணும்?"